வீட்டு ப்ரொஜெக்டரில் படம் வெளுத்துப்போய் தெரியுதா? செட்டிங்ஸை இந்த வரிசையில் மாத்திப் பாருங்க! - முழு விளக்கம்

விளம்பரத்தில் பார்க்கும்போது கறுப்பு கறுப்பாகவும் சிவப்பு சிவப்பாகவும் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்த ப்ரொஜெக்டரை ஆன் செய்து சுவரில் அடித்தால், படம் வெளுத்துப்போய், முகமெல்லாம் லேசாகப் பச்சையடித்துத் தெரிகிறது. உடனே ரிமோட்டை எடுத்து பிரைட்னஸை ஏற்றுகிறோம். படம் இன்னும் வெளுக்கிறது. அடுத்து கலரை ஏற்றுகிறோம். முகம் தக்காளிப் பழம் மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் "காசு வேஸ்ட்" என்று சொல்லி பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம், அல்லது திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

திருப்பி அனுப்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ப்ரொஜெக்டர் செட்டிங்ஸில் எதை மாற்றுகிறோம் என்பதைவிட எந்த வரிசையில் மாற்றுகிறோம் என்பது முக்கியம். முதலில் அறை, அடுத்து திரையின் அளவு, பிறகு மோடு, அதன் பிறகுதான் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர். இந்த வரிசை மாறினால் எவ்வளவு நேரம் மெனுவைத் தட்டினாலும் படம் சரியாகாது.

இதைச் சரியாகச் செய்துவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் மெஷின் உண்மையிலேயே மோசமானதா, இல்லை செட்டிங்ஸ்தான் பிரச்னையா என்பது திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

ப்ரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது, ஏன்?

டிவியில் கறுப்பு என்றால் அந்த இடத்தில் திரை இருட்டாக இருக்கிறது என்று அர்த்தம். ப்ரொஜெக்டர் என்பது வெளிச்சத்தை வீசும் கருவி. 'கறுப்பு வெளிச்சம்' என்று ஒன்று உலகத்தில் கிடையாது. கறுப்பு வரவேண்டிய இடத்தில் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தை முடிந்தவரை நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் நீங்கள் பார்ப்பது உங்கள் சுவரை!

அதனால் அறையில் ட்யூப்லைட் எரியும்போது சுவர் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறதோ, படத்தில் வரும் கறுப்பும் அவ்வளவு வெள்ளையாகத்தான் தெரியும். எந்த செட்டிங்கும் அதற்குக் கீழே போகாது.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். திரையின் பிரகாசத்தை 'நிட்ஸ்' என்ற அலகில் அளக்கிறார்கள். 200 ஆன்சி லூமென்ஸ் உள்ள ஒரு சின்ன எல்இடி ப்ரொஜெக்டர், 100 இன்ச் வெள்ளைத் திரையில் தருகிற அதிகபட்ச பிரகாசம் சுமார் 23 நிட்ஸ். அதே சுவரில் ட்யூப்லைட் வெளிச்சம் 100 லக்ஸ் அளவுக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெளிச்சம் மட்டுமே சுவரில் சுமார் 28 நிட்ஸ் பிரகாசத்தைத் தந்துவிடும்.

அதாவது, படத்தில் கறுப்பு 28, வெள்ளை 51. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இல்லை. படம் வெளுத்துத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டெப் 1: முதலில் அறையைச் சரி செய்யுங்க

லைட்டை அணைப்பதோடு வேலை முடியவில்லை. ப்ரொஜெக்டரிலிருந்து வரும் வெளிச்சமே திரையில் பட்டு, எதிர்ச் சுவர், கூரை எல்லாவற்றிலும் தெறித்து மறுபடி திரைக்கே வரும். வெள்ளைக் கூரை, பளபளக்கும் டைல்ஸ் தரை இருந்தால் இது இன்னும் அதிகம்.

* ஜன்னலுக்குக் கனமான, அடர்நிறத் திரைச்சீலை போடுங்கள்.
* திரைக்கு முன்னால் உள்ள தரையில் அடர்நிற விரிப்பு அல்லது ஜமுக்காளம் விரிக்கலாம்.
* வெளிச்சம் கட்டாயம் வேண்டுமென்றால், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு போதும். அது திரையில் நேராகப் படக்கூடாது.

அடுத்தது சுவரின் நிறம். நம் வீடுகளில் கிரீம், இளம் பச்சை, இளநீல சுவர்கள் அதிகம். கிரீம் சுவரில் எல்லாப் படமும் மஞ்சளடிக்கும். இதைச் சோதிக்க ஒரு ஏ4 வெள்ளைத் தாள் போதும். படத்தில் வெள்ளையான பகுதி வரும்போது தாளைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். தாளில் தெரியும் வெள்ளைக்கும் சுவரில் தெரியும் வெள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அது சுவரின் நிறம். பளபளப்பு இல்லாத மேட் வெள்ளை பெயின்ட் அல்லது ஒரு சாதாரண மேட் வெள்ளை ஸ்க்ரீன் இதற்குத் தீர்வு.

ஸ்டெப் 2: எத்தனை இன்ச் வைக்கலாம்? லூமென்ஸ் கணக்கு

"200 இன்ச் வரை வரும்" என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். வரும், ஆனால் எப்படி வரும் என்பதுதான் கேள்வி. ஒரே அளவு வெளிச்சத்தைப் பெரிய இடத்தில் பரப்பினால் பிரகாசம் குறையும். திரையின் மூலைவிட்ட அளவு இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும். அப்போது பிரகாசம் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

200 ஆன்சி லூமென்ஸ் ப்ரொஜெக்டர், இருட்டறை, நல்ல வெள்ளைத் திரை. இதில் கிடைக்கும் அதிகபட்ச பிரகாசம் சுமாராக இப்படி இருக்கும்:

* 60 இன்ச் - 64 நிட்ஸ்
* 70 இன்ச் - 47 நிட்ஸ்
* 80 இன்ச் - 36 நிட்ஸ்
* 100 இன்ச் - 23 நிட்ஸ்
* 120 இன்ச் - 16 நிட்ஸ்

டிஜிட்டல் சினிமா தியேட்டர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட அளவு 48 நிட்ஸ். அதாவது குறைந்த விலை ப்ரொஜெக்டராக இருந்தாலும், இருட்டறையில் 70 இன்ச் அளவில் வைத்தால் தியேட்டர் பிரகாசத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதையே 120 இன்ச்சுக்கு இழுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். உங்கள் ப்ரொஜெக்டர் 400 லூமென்ஸ் என்றால் மேலே உள்ள எண்களை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் "9,000 லூமென்ஸ்", "12,000 லூமென்ஸ்" என்று போட்டு சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் ப்ரொஜெக்டர்களில், அந்த எண் பெரும்பாலும் திரையில் விழும் வெளிச்சத்தைக் குறிப்பதில்லை. பார்க்க வேண்டியது 'ஆன்சி லூமென்ஸ்' அல்லது 'ஐஎஸ்ஓ லூமென்ஸ்' என்ற எண். இரண்டுமே திரையில் விழும் வெளிச்சத்தை வைத்துச் சொல்லப்படுபவை. அப்படி எந்த எண்ணும் கொடுக்கவில்லை என்றால் வாங்கும் முன் யோசியுங்கள்.

ஸ்டெப் 3: நேராக வைங்க, கீஸ்டோனை நம்பாதீங்க

ப்ரொஜெக்டரைக் கீழே வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழும். இதைச் சரிசெய்ய 'கீஸ்டோன்' என்ற வசதி இருக்கிறது. பார்க்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அது படத்தைச் சுருக்கி, வளைத்து, ஓரத்தில் உள்ள பிக்சல்களை வீணாக்கித்தான் நேராக்குகிறது. எழுத்துகளின் கூர்மை போகும், பிரகாசமும் கொஞ்சம் குறையும்.

முடிந்தவரை ப்ரொஜெக்டரைத் திரைக்கு நேராக வைத்து, கீஸ்டோனை பூஜ்யத்தில் விடுங்கள். உங்கள் மாடலில் 'லென்ஸ் ஷிஃப்ட்' இருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். லென்ஸையே நகர்த்துவதால் பிக்சல்கள் வீணாகாது.

அடுத்து ஃபோகஸ். இதற்கு நியூஸ் சேனலைவிட நல்ல சோதனைப் படம் கிடையாது! கீழே ஓடும் ஸ்க்ரோலிங் எழுத்தை வைத்துக்கொள்ளாமல், மூலையில் அசையாமல் இருக்கும் நேரம், சேனல் லோகோ, தலைப்புப் பட்டை ஆகியவற்றைப் பாருங்கள். நடுவில் கூர்மையாகவும் மூலையில் மங்கலாகவும் இருந்தால், முதலில் ப்ரொஜெக்டர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நேராக இருந்தும் மூலை மங்கல் என்றால் அது லென்ஸின் தரம். அதற்கு செட்டிங்ஸில் மருந்து இல்லை.

ஸ்டெப் 4: மெனுவைத் தொடும் முன் இந்த 4 வேலை

1. ப்ரொஜெக்டரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். குறிப்பாக லேம்ப் உள்ள மாடல்களில், ஆன் செய்த உடனே இருக்கும் நிறமும் பிரகாசமும் சூடான பிறகு மாறும்.

2. இப்போதுள்ள செட்டிங்ஸை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். எங்கேயாவது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். 'ரீசெட்' பட்டனும் இருக்கிறது, பயம் வேண்டாம். ஆனால் 'சர்வீஸ் மெனு' என்ற ரகசிய மெனுவுக்குள் போகும் வித்தைகளை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். அது டெக்னீஷியன்களுக்கானது.

3. தானாக மாறும் வசதிகளை அணையுங்கள். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', 'ஆட்டோ ஐரிஸ்', 'ஆட்டோ பிரைட்னஸ்' ஆகியவை ஆனில் இருந்தால், நீங்கள் ஒரு பக்கம் ஏற்ற, அது இன்னொரு பக்கம் இறக்கும். எல்லாம் முடிந்த பிறகு, பிடித்திருந்தால் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.

4. ஹெச்டிஎம்ஐ ரேஞ்சைச் சரிபாருங்கள். இது பலருக்கும் தெரியாத விஷயம். வீடியோவில் கறுப்பு 16-ல் தொடங்கி வெள்ளை 235-ல் முடியும் முறைக்கு 'லிமிடெட்' என்று பெயர். கம்ப்யூட்டரில் 0 முதல் 255 வரை போகும் முறை 'ஃபுல்'. படத்தை அனுப்பும் கருவி லிமிடெட்டிலும் ப்ரொஜெக்டர் ஃபுல்லிலும் இருந்தால், கறுப்பு சாம்பலாகி, படம் மொத்தமும் பால் ஊற்றியது போல வெளுக்கும். அதுவே தலைகீழாக இருந்தால் இருட்டுக் காட்சிகள் மொத்தமாக மைக்குள் மூழ்கிவிடும். இரண்டு பக்கமும் 'ஆட்டோ' அல்லது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும். லேப்டாப்பில் இருந்து படம் போடுபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஸ்டெப் 5: எந்த பிக்சர் மோடு?

டைனமிக், விவிட், பிரைட், ஸ்டாண்டர்ட், நேச்சுரல், சினிமா, மூவி, கேம் என்று பல பெயர்கள் இருக்கும். கடையில் லைட் வெளிச்சத்திலும் கண்ணைக் கவர வேண்டும் என்பதற்காக இருப்பவைதான் டைனமிக், விவிட், பிரைட் எல்லாம்.

லேம்ப் ப்ரொஜெக்டர்களில் டைனமிக் மோடு ஏன் பச்சையடிக்கிறது? அந்த லேம்ப்பின் வெளிச்சத்தில் பச்சை அதிகம், சிவப்பு குறைவு. நிறம் சரியாக வரவேண்டுமென்றால் பச்சையைக் கட்டுப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் பிரகாசம் குறையும். டைனமிக் மோடு பிரகாசத்துக்காகப் பச்சையை அப்படியே விட்டுவிடுகிறது. முகத்தில் பச்சை தெரிய இதுதான் காரணம்.

ஒற்றை சிப் 'டிஎல்பி' வகை ப்ரொஜெக்டர்கள் பலவற்றில் சுழலும் கலர் வட்டில் வெள்ளைக்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கும். வெள்ளையை மட்டும் கூடுதல் பளிச்சென்று காட்ட இது உதவும். ஆனால் வெள்ளை பளிச்சென்று ஏறும்போது, பக்கத்தில் உள்ள சிவப்பும் மஞ்சளும் ஒப்பீட்டில் மங்கிப்போகும். 'பிரில்லியன்ட் கலர்' அல்லது அதுபோன்ற பெயரில் உள்ள செட்டிங்கைக் குறைத்தால் வெள்ளை கொஞ்சம் குறைந்து, நிறங்கள் சமநிலைக்கு வரும்.

ஆக, படம் பார்க்க 'சினிமா' அல்லது 'மூவி' மோடில் தொடங்குங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோடு' இருந்தால் இன்னும் நல்லது. முதல் பார்வையில் டைனமிக்கைவிட மங்கலாகத்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, திரையின் அளவைச் சரியாக வைத்திருந்தால், 5 நிமிடத்தில் கண் பழகிவிடும்.

ஸ்டெப் 6: கலர் டெம்பரேச்சர்

வெள்ளை எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுதான். கூல் என்றால் நீலச் சாயல், வார்ம் என்றால் மஞ்சள்-சிவப்புச் சாயல். படங்களும் டிவி நிகழ்ச்சிகளும் சுமார் 6,500 கெல்வின் அளவை வைத்துத்தான் தயாராகின்றன. உங்கள் மெனுவில் எண் இருந்தால் 6500 தேர்வு செய்யுங்கள். எண் இல்லையென்றால் 'வார்ம்' அல்லது 'ஸ்டாண்டர்ட்' இதற்குப் பக்கத்தில் இருக்கும்.

எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: பழைய கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றைப் போடுங்கள். அதில் நிறமே கிடையாது. எனவே திரையில் ஏதாவது நிறம் தெரிந்தால் அது ப்ரொஜெக்டரின் அல்லது சுவரின் வேலை. சாம்பல் பகுதிகள் பச்சையாகவோ ஊதாவாகவோ இல்லாமல் சாம்பலாகவே தெரியும் செட்டிங்கைத் தேர்வு செய்யுங்கள்.

கிரீம் சுவரை மாற்ற முடியாதவர்கள் ஒரு படி 'கூல்' பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். சுவரின் மஞ்சளை அது ஓரளவு ஈடுகட்டும்.

ஒன்று கவனம்: மொபைலில் திரையைப் போட்டோ எடுத்து நிறத்தை ஒப்பிடாதீர்கள். மொபைல் கேமரா தானாகவே வெள்ளையை மாற்றிவிடும். அந்த போட்டோவை நம்பி மாற்றினால் தவறான இடத்துக்குத்தான் போவோம்.

ஸ்டெப் 7: பிரைட்னஸ், பெயரை நம்பி ஏமாறாதீங்க!

பெரும்பாலான ப்ரொஜெக்டர்களில் பிரைட்னஸ் என்ற செட்டிங் லேம்ப்பின் வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அதை ஏற்றினால் முதலில் கறுப்பு சாம்பலாகும். படம் வெளுத்துத் தெரியும்போது பிரைட்னஸை ஏற்றினால் இன்னும் வெளுப்பது இதனால்தான். வெளிச்சத்தின் அளவை மாற்றுவது 'லேம்ப் மோடு', 'லைட் பவர்', 'ஈகோ' என்ற பெயர்களில் தனியாக இருக்கும்.

எப்படி வைப்பது? மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும் அகலத்திரைப் படம் ஒன்றில், இரவுக் காட்சியை பாஸ் செய்யுங்கள்.

* பட்டை சாம்பலாகத் தெரியும்வரை பிரைட்னஸை ஏற்றுங்கள்.
* பிறகு மெதுவாக இறக்குங்கள். பட்டை இதற்கு மேல் கறுக்காது என்ற இடத்தில் நிறுத்துங்கள்.
* இப்போது காட்சியில் தலைமுடி, கறுப்புச் சட்டையின் மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாக இருந்தால் ஓரிரு புள்ளி ஏற்றுங்கள்.

யூடியூபில் கறுப்பு அளவைச் சோதிக்கும் வீடியோக்கள் கிடைக்கும். அவற்றில் எண் போட்ட பட்டைகள் மின்னும். 16 வரை உள்ள பட்டைகள் தெரியக்கூடாது, 17, 18-ல் இருந்து லேசாகத் தெரிய வேண்டும். எந்தக் கருவியில் படம் பார்ப்பீர்களோ, அதே கருவியில், அதே ஹெச்டிஎம்ஐ இணைப்பில் இதைப் போட்டுப் பாருங்கள். பல மாடல்களில் ஒவ்வொரு இணைப்புக்கும் செட்டிங்ஸ் தனித்தனி.

ஸ்டெப் 8: கான்ட்ராஸ்ட்

பிரைட்னஸ் கறுப்பைப் பார்த்துக்கொள்கிறது என்றால், கான்ட்ராஸ்ட் வெள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. இதை அதிகம் ஏற்றினால் வெள்ளைப் பகுதியில் உள்ள நுணுக்கங்கள் அழிந்துவிடும்.

இதற்கு டெஸ்ட் கிரிக்கெட் நல்ல சோதனை. வெள்ளை ஜெர்சியில் மடிப்புகள் தெரிகின்றனவா? வானத்தில் மேகம் மேகமாகத் தெரிகிறதா, இல்லை வெறும் வெள்ளைத் திட்டா? கான்ட்ராஸ்டை முழுவதும் ஏற்றிவிட்டு, மடிப்புகள் திரும்ப வரும்வரை இறக்குங்கள். வெள்ளை வேட்டி, மல்லிகைப்பூ குளோசப் எதுவானாலும் சரி. வெள்ளைப் பகுதியில் திடீரென்று இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் சாயல் வந்தால், ஏதோ ஒரு நிறம் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

கான்ட்ராஸ்டை மாற்றினால் கறுப்பும் லேசாக நகரலாம். எனவே ஒருமுறை ஸ்டெப் 7-க்குப் போய்ச் சரிபார்த்துவிட்டு வாருங்கள்.

ஸ்டெப் 9: கலர், டின்ட்

கலர் என்பது நிறத்தின் அழுத்தம். இதைச் சோதிக்க முகம்தான் சரியான அளவுகோல். செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பாருங்கள். ஸ்டுடியோ வெளிச்சம் பெரிதாக மாறாது என்பதால் ஒப்பிட வசதி. கலரை முழுவதும் குறைத்து முகத்தைச் சாம்பலாக்கிவிட்டு, இயல்பான நிறம் வரும்வரை மெதுவாக ஏற்றுங்கள். மாநிறம் செம்பு நிறமாக மாறத் தொடங்கினால் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொரு சோதனை, சிவப்புப் பட்டுப்புடவை. மடிப்பும் நெசவும் தெரிந்தால் சரி. புடவை முழுவதும் ஒரே சிவப்புத் திட்டாக ஒளிர்ந்தால் கலர் அதிகம்.

'டின்ட்' அல்லது 'ஹ்யூ' பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவிலான சமநிலை. ஹெச்டிஎம்ஐ வழியாக வரும் படத்துக்கு இதை நடுவில், அதாவது பூஜ்யத்தில் விட்டுவிடலாம். முகம் பச்சையடித்தால் பெரும்பாலும் தவறு மோடிலோ கலர் டெம்பரேச்சரிலோ இருக்கும். டின்ட்டை இழுத்து அதை மறைத்தால் மற்ற நிறங்கள் கெடும்.

ஸ்டெப் 10: காமா

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள பகுதிகள் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதை காமா முடிவு செய்கிறது. முழு இருட்டறையில் 2.4, கொஞ்சம் வெளிச்சம் உள்ள அறையில் 2.2 என்பது நல்ல தொடக்கம். எண் கூடினால் நடுப்பகுதி இருட்டாகி படத்துக்கு ஆழம் வரும். எண் குறைந்தால் நிழலில் உள்ளவை எளிதாகத் தெரியும்.

சில மாடல்களில் காமா 1, 2, 3 அல்லது கூட்டல், கழித்தல் என்று இருக்கும், அது இந்தக் கணக்குக்குத் தலைகீழாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் போட்டு, முகத்தில் நிழல் விழும் பக்கம் இயல்பாகத் தெரிவதைத் தேர்வு செய்யுங்கள்.

ஸ்டெப் 11: ஷார்ப்னஸைக் குறைங்க

ஷார்ப்னஸை ஏற்றினால் படத்தில் புதிதாக எந்த விவரமும் வராது. இருக்கும் ஓரங்களைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு போடும், அவ்வளவுதான். மறுபடியும் நியூஸ் சேனல் தலைப்புப் பட்டையைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி நிழலோ வெள்ளை வளையமோ தெரிந்தால், அது மறையும்வரை குறையுங்கள்.

'மோஷன் ஸ்மூத்னிங்', 'ஃப்ரேம் இன்டர்போலேஷன்' போன்றவை இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவில் இல்லாத ஃப்ரேமை உருவாக்கிச் சேர்ப்பவை. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுகிறது. இதை ஆன் செய்தால் பெரிய பட்ஜெட் படமும் டிவி சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு தெரியும். சினிமாவுக்கு ஆஃப், கிரிக்கெட்டுக்கு உங்கள் விருப்பம்.

ஹெச்டிஆர் போட்டால் படம் இருட்டாகுதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. ஹெச்டிஆர் படங்கள் 1,000 நிட்ஸ், சில நேரம் 4,000 நிட்ஸ் வரை போகும் என்ற கணக்கில் தயாராகின்றன. உங்கள் திரையில் இருப்பதோ 50 நிட்ஸ் அல்லது 100 நிட்ஸ். அந்தப் பெரிய அளவை ப்ரொஜெக்டர் சுருக்கித்தான் காட்ட வேண்டும். நல்ல மாடல்கள் இதை ஓரளவு நன்றாகச் செய்யும். விலை குறைந்த பல மாடல்களில் 'ஹெச்டிஆர் சப்போர்ட்' என்றால், அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம்.

முதலில் மெனுவில் 'ஹெச்டிஆர் பிரைட்னஸ்' அல்லது 'டோன் மேப்பிங்' இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இருட்டாக இருந்தால், ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஹெச்டிஆரை அணைத்து, எஸ்டிஆர் தேர்வு செய்யுங்கள். பெயரில் ஒரு படி இறங்கினாலும், கண்ணுக்குப் பெரும்பாலும் அதுதான் நன்றாக இருக்கும்.

பகலில் மேட்ச் பார்க்க என்ன செய்யணும்?

இரவுப் படத்துக்கு வைத்த செட்டிங்கைப் பகலில் கெடுக்காதீர்கள். இன்னொரு மோடை எடுத்து அதைத் தனியாகச் சேமியுங்கள். பகலுக்கு லைட் பவர் முழு அளவு, ஸ்டாண்டர்ட் அல்லது பிரைட் மோடு, காமா 2.2 அல்லது அதற்கும் கீழே. கூடவே ஜூமைக் குறைத்தோ ப்ரொஜெக்டரைக் கிட்டே நகர்த்தியோ திரையை 60, 70 இன்ச்சுக்குச் சுருக்குங்கள். வேறு எந்த செட்டிங்கையும்விட இது அதிகப் பலன் தரும்.

வீடியோ கேம் விளையாடுபவர்கள் 'கேம் மோடு' ஆன் செய்யுங்கள். படத்தை மெருகேற்றும் சில வேலைகளை அது தவிர்த்துவிடுவதால், பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம் குறையும்.

எதெல்லாம் செட்டிங்ஸால் சரியாகாது?

* லேம்ப் தேய்வு: லேம்ப்புக்கு இத்தனை மணி நேரம் ஆயுள் என்று சொல்வது, பொதுவாக அதன் பிரகாசம் பாதியாகும் வரை உள்ள நேரம். பழைய ப்ரொஜெக்டர் மங்கினால் மெனுவில் லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள்.
* தூசி: இருட்டுக் காட்சியில் மங்கலான, உருண்டையான திட்டு ஒரே இடத்தில் தெரிந்தால் உள்ளே தூசி போயிருக்கலாம். ஏர் ஃபில்டர் இருந்தால் சுத்தம் செய்யுங்கள். உள்ளே இருக்கும் தூசிக்கு சர்வீஸ்தான் வழி.
* மஞ்சள், நீலத் திட்டுகள்: எல்சிடி வகையில் திரையின் ஒரு பகுதி மட்டும் நிறம் மாறியிருந்தால் உள்ளே உள்ள பாகம் சூட்டில் கெட்டிருக்கலாம்.
* வெள்ளைப் புள்ளிகள்: டிஎல்பி வகையில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் நாளுக்கு நாள் அதிகமானால், சிப் பழுதாகிறது என்று அர்த்தம்.
* நேட்டிவ் ரெசல்யூஷன்: "4கே சப்போர்ட்" என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் 1280×720 ஆகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கலாம். ஷார்ப்னஸை எவ்வளவு ஏற்றினாலும் இல்லாத பிக்சல் வராது.

புதிதாக வாங்கிய ப்ரொஜெக்டரில் மேலே சொன்ன எல்லா ஸ்டெப்பும் முடித்த பிறகும், இருட்டறையில், 70 இன்ச் அளவில், படம் மங்கலாகவோ மூலைகள் தெளிவில்லாமலோ இருந்தால், அப்போது தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மறக்கக்கூடாத பாதுகாப்பு

ப்ரொஜெக்டர் ஓடும்போது லென்ஸுக்குள் நேராகப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் கிட்டே போய் எட்டிப் பார்க்க வாய்ப்புள்ள உயரத்தில் வைக்காதீர்கள். காற்று வெளியேறும் துளைகளைத் துணியோ சுவரோ அடைக்கக் கூடாது. லேம்ப் மாடல் என்றால் ரிமோட்டில் அணைத்து, ஃபேன் நின்ற பிறகு மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்.

சுருக்கமாக, இந்த வரிசை

1. அறையை இருட்டாக்குங்க, சுவரின் நிறத்தைச் சோதிங்க
2. லூமென்ஸுக்கு ஏற்ற திரை அளவு
3. நேராக வைப்பது, ஃபோகஸ், கீஸ்டோன் பூஜ்யம்
4. 20 நிமிடம் சூடாகட்டும், ஆட்டோ வசதிகள் ஆஃப், ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச் சரிபார்ப்பு
5. சினிமா அல்லது மூவி மோடு
6. கலர் டெம்பரேச்சர் 6500 அல்லது வார்ம்
7. பிரைட்னஸ் - கறுப்புக்காக
8. கான்ட்ராஸ்ட் - வெள்ளைக்காக
9. கலர் - முகத்தைப் பார்த்து, டின்ட் நடுவில்
10. காமா 2.2 அல்லது 2.4
11. ஷார்ப்னஸ் குறைவாக, சினிமாவுக்கு மோஷன் ஸ்மூத்னிங் ஆஃப்

எல்லாம் முடிந்ததும் அந்த செட்டிங்ஸையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ரிமோட்டில் கை வைத்து மாற்றிவிட்டால், 2 நிமிடத்தில் பழையபடி வைத்துவிடலாம்.